நிற்கிற வண்டிக்குப் புகை எதற்கு?

ஜவ்வாது மலையிலே காவலூர் என்று ஓர் ஊர். வைணு பாப்பு வானாய்வுக்கூடம் அங்கேதான் இருக்கிறது. 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986-ல் அங்கே திறந்து வைத்தார்கள். நகரத்து வெளிச்சமும் தூசும் எட்டாத தெளிந்த வானம் வேண்டுமென்று தேடித்தான் அறிஞர்கள் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

விண்மீனைப் பார்க்கும் கண்ணாடிக்குத் தூய காற்று வேண்டும். சரி, ஒப்புக்கொள்கிறோம். அதே மலையில், ஜமுனாமரத்தூரில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் பழங்குடித் தாயின் நுரையீரலுக்கு மட்டும் அது வேண்டாமா?

கோடை விழாக் காலத்தையும் விடுமுறை நாட்களையும் எண்ணிப் பாருங்கள், தோழர்களே! பீமன் அருவியைப் பார்க்கக் கார்களும் வேன்களும் வருகின்றன. வந்து நின்ற பிறகும் எஞ்சின் ஓடினால் என்ன ஆகிறது? கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருப்பவருக்குக் குளிர்ச்சி. வெளியே சுமையோடு நடப்பவருக்குப் புகை! சுகம் ஒருவனுக்கு, சுமை இன்னொருவனுக்கு என்ற பழைய கணக்கு காற்றிலும் புகுந்துவிட்டது.

இது சில்லறை விஷயமல்ல. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது. காசுக் கணக்கிலும் லாபமில்லை. கார் பத்து விநாடிக்கு மேல் நிற்பதானால், அணைத்துவிட்டு மீண்டும் கிளப்புவதே எரிபொருளுக்குச் சிக்கனம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆவது பிரிவைப் படியுங்கள். டிரைவர் இருக்கையில் ஆளில்லாவிட்டால் இயந்திரத்தை நிறுத்தவேண்டும், பிரேக் போடவேண்டும் என்கிறது. வண்டி தானாக உருண்டுவிடக் கூடாதே என்ற கவலை அது. ஆள் உட்கார்ந்துகொண்டே மணிக்கணக்கில் புகை விட்டால்? அந்தப் பிரிவு வாய் திறக்கவில்லை!

ஹாங்காங்கில் 2011 டிசம்பர் 15 முதல் இதற்கெனத் தனிச்சட்டம் நடப்பில் இருக்கிறது. அறுபது நிமிடத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்கும் வண்டியின் எஞ்சின் ஓடினால் 320 ஹாங்காங் டாலர் தண்டம். ஆனால் ஸ்டாண்டில் நிற்கும் டாக்சிக்கு விலக்கு. கடும் வெப்ப எச்சரிக்கை நாளிலும் விலக்கு. தொழிலாளியின் பாட்டையும் எண்ணிப் பார்த்துச் சட்டம் செய்ய முடியும் என்பதற்கு இது சாட்சி. டெல்லியிலோ 2020 அக்டோபரில் சிவப்பு விளக்கில் எஞ்சினை அணையுங்கள் என்று அரசு இயக்கம் நடத்தியது. அது வேண்டுகோள்; சட்டமல்ல.

நம்மிடத்தில் சட்டம் வந்தால் தண்டம் யார் தலையில் விழும்? இங்கேதான் நாம் விழிப்பாக இருக்கவேண்டும். பழைய பஸ்ஸின் டிரைவர் எஞ்சினை ஏன் அணைக்கத் தயங்குகிறார்? பேட்டரி செத்தது, செல்ஃப் எடுக்காது, அணைத்தால் பயணிகள் இறங்கித் தள்ளவேண்டும் என்ற அச்சம். கிளம்புமுன் பிரேக்குக்குக் காற்று ஏறவேண்டிய அவசியமும் உண்டு. பழுதான வண்டியைக் கொடுத்தது யார்? முதலாளியும் நிர்வாகமும்! அபராதச் சீட்டு மட்டும் காக்கிச் சட்டைக்கா? ஒப்பமாட்டோம்.

ஆகவே நாம் கேட்பது இவை. பஸ் நிலையம், பள்ளி, மருத்துவமனை, அருவி வாகன நிறுத்தம் ஆகிய இடங்களில் மூன்று நிமிட வரம்பு வேண்டும். ஆம்புலன்ஸுக்கும், நெரிசலில் சிக்கிய வண்டிக்கும், பிரேக்குக்குக் காற்று ஏற்றும் நேரத்துக்கும் விலக்கு வேண்டும். பழுதினால் அணைக்க முடியாத வண்டிக்குத் தண்டம் உரிமையாளர் கட்டவேண்டும். வண்டிக்குள்ளேயே கிடந்து வேகாதபடி டிரைவர், கண்டக்டருக்கு மின்விசிறியோடு ஓய்வறை வேண்டும்.

நடக்குமா என்று சிலர் கேட்பார்கள். ஏன் நடக்காது? சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததே! மலைக்குத் தனி விதி செய்யலாம் என்பது அன்றே நிலைநாட்டப்பட்டுவிட்டது. வண்டி நிறுத்தங்களின் நிர்வாகத்துக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு மாநில அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அதிகாரம் இருக்கிறது, அதைத் தட்டி எழுப்பும் கை வேண்டும்.

அந்தக் கை நமது கையாக இருக்கட்டும். கிராமசபையில் எழுந்து பேசுங்கள்; தீர்மானம் போடுங்கள். அதற்கு முன்னால் இன்னொன்று. நமது மாநாட்டுக்கு வரும் வேன்களும் லாரிகளும் பந்தலுக்கு வெளியே உறுமிக்கொண்டு நிற்கலாமா? ஊருக்குச் சொல்லுமுன் நமது வண்டியின் சாவியை நாம் முதலில் திருப்புவோம்!