ஏழு பேர் ஏறும் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. மானிட்டரின் அளவைப் பார்த்து மயங்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். இப்போது அதையே கார் வாங்கப் போகிறவர்களிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷோரூமில் வண்டியின் கதவைத் திறந்ததும் விற்பனையாளர் முதலில் காட்டுவது இன்ஜினை அல்ல, டச் ஸ்கிரீனைத்தான்.

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வீட்டில் சொந்த வீட்டுக்கு அடுத்தபடியாக அதிகப் பணம் போட்டு வாங்கும் பொருள் கார். இன்று அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். பிராசசர் உண்டு, மெமரி உண்டு, சாப்ட்வேர் உண்டு, அப்டேட் உண்டு. நம் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் செய்துவிட்டு காபி குடிக்கப் போகலாம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் கம்ப்யூட்டரில் அப்படிச் செய்ய முடியாது. அதிலும் மூன்று வரிசை வண்டி என்றால் அப்பா, அம்மா, அத்தை, பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பமும் உள்ளே இருக்கிறது.

எந்த வண்டி?

எங்கள் பெரியப்பா மகனிடம் இருப்பது மஹிந்திரா எக்ஸ்யுவி700. 2021ஆம் ஆண்டு அறிமுகமான மாடல், டீசல், ஆட்டோமேட்டிக் கியர், ஏழு இருக்கைகள். குடும்பத்தோடு சென்னையில் இருந்து திருச்சிக்குப் போய் வர அதை எடுத்துக்கொண்டோம். போக, வர இரண்டு வழியிலும் பெரும்பாலும் நான்தான் ஓட்டினேன்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். 2.2 லிட்டர் டீசல் இன்ஜின், 185 பி.எஸ். திறன், ஆட்டோமேட்டிக்கில் 450 நியூட்டன் மீட்டர் டார்க். நீளம் 4,695 மில்லிமீட்டர். முன்னால் 10.25 அங்குலத்தில் இரண்டு ஸ்கிரீன்கள். ஒன்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஸ்பீடாமீட்டராக, மற்றொன்று நடுவில் டச் ஸ்கிரீனாக. இவற்றை இயக்குவது குவால்காமின் ஸ்நாப்டிராகன். அதாவது பல மொபைல் போன்களில் உள்ள அதே குடும்பத்தைச் சேர்ந்த சிப். 2021 நவம்பரில் குளோபல் என்கேப் அமைப்பு செய்த மோதல் சோதனையில் இந்த மாடல் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரமும், குழந்தைகள் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரமும் வாங்கியது.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு தகவல். இந்த நிறுவனத்தின் ஆராய்ச்சி மையமான மஹிந்திரா ரிசர்ச் வேலி, செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில்தான் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போகும் ஒவ்வொருவரும் அதைக் கடந்துதான் போகிறோம்.

ஓட்டும்போது எப்படி?

தாம்பரம் நெரிசலில் இவ்வளவு பெரிய வண்டி சிரமப்படுத்துமோ என்று நினைத்தேன். சிரமம் இல்லை. ஸ்டியரிங் லேசாகத் திரும்புகிறது. உயரமாக உட்கார்வதால் முன்னால் நிற்கும் பஸ்ஸுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதுகூட ஓரளவு தெரிகிறது. ஆட்டோமேட்டிக் என்பதால் இடது காலுக்கு முழு ஓய்வு.

செங்கல்பட்டைத் தாண்டியதும் வண்டியின் நிஜமான குணம் தெரிந்தது. ஏழு பேர் ஏறினால் சராசரியாக 450 கிலோ கூடுகிறது. லக்கேஜ் தனி. அந்தச் சுமையோடு ஒரு லாரியை முந்த ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி தயங்கவில்லை. திண்டிவனம் வந்தபோது வேகமுள் 100ல் நின்றது. உள்ளே இருந்தவர்களுக்கோ 70ல் போவது போலத்தான் தோன்றியிருக்கிறது. பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் யாரும் விழிக்கவில்லை.

இது பாராட்டு மட்டும் அல்ல, எச்சரிக்கையும் கூட. பழைய வண்டிகளில் வேகம் கூடினால் சத்தம் கூடும், ஆட்டம் கூடும். உடம்பே நமக்கு அதைச் சொல்லிவிடும். நல்ல வண்டியில் அந்தச் செய்தி வராது. எனவே கண்ணால் ஸ்பீடாமீட்டரைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் தொடர்ந்தும் ஒலி வர வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது இதற்காகத்தான். அந்த ஒலியைச் சிலர் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து நிறுத்திவிடுகிறார்கள். ஆன்டி வைரஸ் தொந்தரவு செய்கிறது என்று அதை அன்இன்ஸ்டால் செய்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

தானாக ஓட்டுமா?

"இது தானாகவே ஓட்டுமாமே?" என்று அப்பா கேட்டார். பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கிறது. பதில், ஓட்டாது.

இந்த மாடலின் மேல்நிலை வேரியண்டுகளில் அடாஸ் என்ற வசதி இருக்கிறது. முன் கண்ணாடியில் ஒரு கேமரா, வண்டியின் முகப்பில் ஒரு ரேடார். கேமரா சாலைக் கோடுகளையும் போர்டுகளையும் படிக்கும். ரேடார் முன்னால் போகும் வண்டி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, தேவைப்பட்டால் சாப்ட்வேர் பிரேக் போடும் அல்லது ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பும்.

தானியங்கி ஓட்டத்தை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளாக எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 2014ல் வகுத்தது. இங்கே நாம் பேசுவது 2ஆம் நிலை. இந்த நிலையில் சாப்ட்வேர் உதவி செய்யும், பொறுப்பு ஓட்டுபவருடையது. வேர்டில் ஸ்பெல் செக் தவறான எழுத்துக்குக் கீழே சிவப்புக் கோடு போடுகிறது அல்லவா? அதற்காகக் கடிதத்தில் ஸ்பெல் செக் கையெழுத்துப் போடுமா? நாம்தான் போட வேண்டும். அப்படித்தான் இதுவும்.

விழுப்புரம் அருகே, சாலை நன்றாகவும் கோடுகள் தெளிவாகவும் இருந்த இடத்தில் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுப் பார்த்தேன். முன்னால் போன காருக்கும் நமக்கும் இடையே ஒரே இடைவெளியைப் பிடித்துக்கொண்டு அழகாகப் போனது. அந்த இடைவெளியைப் பார்த்த ஒரு பைக்காரர் அதற்குள் நுழைந்தார். வண்டி உடனே வேகத்தைக் குறைத்தது. அவர் போனதும் ஒரு வேன் நுழைந்தது. மறுபடியும் குறைத்தது. அம்மா பின்னாலிருந்து, "என்னடா, வண்டிக்குப் போக மனசே இல்லையா?" என்றார். புரோகிராம் எழுதியபடி சரியாகத்தான் வேலை செய்தது. காலி இடம் என்றால் நுழைவதற்கான இடம் என்பது நம் சாலையின் புரோகிராம். இரண்டும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறினால் எச்சரிக்கை வருகிறது. இது நம்மை ஒழுங்காக இண்டிகேட்டர் போட வைக்கிறது. நல்ல விஷயம். ஆனால் எதிர்த் திசையில் வரும் டூவீலர், நடுவில் படுத்திருக்கும் மாடு, ஹெட்லைட் இல்லாத டிராக்டர் இவற்றுக்கு எல்லாம் நம் கண்ணையும் காலையும்தான் நம்ப வேண்டும். நான் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். எவ்வளவு டெஸ்ட் செய்தாலும், டெஸ்ட் செய்யாத ஒரு நிலைமை வெளியே காத்திருக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனவே என் கருத்து இதுதான். அடாஸ் இருந்தால் நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி ஒரு நிமிடம்கூடக் கண்ணைச் சாலையில் இருந்து எடுக்காதீர்கள்.

ஸ்கிரீனா, பொத்தானா?

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு வண்டி சுமார் 28 மீட்டர் போகிறது. பாட்டு மாற்ற ஸ்கிரீனை இரண்டு வினாடி பார்த்தால் 55 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். பொத்தான் என்றால் விரல் தானாகவே தேடிப் பிடித்துவிடும். கீபோர்டைப் பார்க்காமல் டைப் செய்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

இந்த வண்டியில் ஏ.சி.க்குத் தனிப் பொத்தான்கள் வைத்திருப்பதை வரவேற்கிறேன். எல்லாவற்றையும் ஸ்கிரீனுக்குள் தள்ளும் பழக்கம் உலகெங்கும் பரவியது. ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு, இண்டிகேட்டர், ஹஸார்டு விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டு இயக்கும் தனி சுவிட்சு இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று 2026 முதல் சோதனை முறையை மாற்றியது. ஸ்கிரீன் பெரிதாக இருப்பது நாகரிகம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது வரிசை

திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டை வரை அண்ணன் ஓட்ட, நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்தேன். என் உயரம் 5 அடி 9 அங்குலம். முட்டி மேலே எழும்பி நிற்கும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வசதியான இடம். பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் தாங்கும். ஏ.சி. காற்று பின்னாலும் வருகிறது. மூன்று வரிசையிலும் ஆள் இருந்தால் பெட்டிகளுக்கு இடம் மிகக் குறைவு. இந்த அளவுள்ள மூன்று வரிசை வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான கணக்கு இது. ஏழு பேரும் ஏழு பேருடைய பெட்டிகளும் ஒரே நேரத்தில் போக முடியாது.

ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்தபோது எனக்குப் பெரிதாகப் பட்டது முட்டி அல்ல, பெல்ட். முன்னால் இருக்கும் இருவர் பெல்ட் போடுகிறோம். பின்னால் பாட்டியும் பிள்ளைகளும் சும்மா உட்கார்ந்து வருகிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 138(3)ன்படி பின் இருக்கைகளில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்கு அருகே நடந்த விபத்தில் இறந்தபோது அவர் பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்தார். அந்தக் காரும் உயர்ந்த ரகக் கார்தான். ரேடாரும் கேமராவும் செய்ய முடியாத வேலையை, 1959ல் வால்வோ கொண்டுவந்த மூன்று முனை பெல்ட் செய்கிறது. அதற்கு அப்டேட் தேவையில்லை, ஹேங் ஆவதும் இல்லை.

எத்தனை வருடத்துக்கு அப்டேட்?

இதை ஷோரூமில் யாரும் கேட்பதில்லை. விண்டோஸ் 10, 2015ல் வந்தது. 2025 அக்டோபரில் அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. பத்து வருடம். நம் ஊரில் சொந்தக் காரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அதன் பிறகும் புதுப்பிக்கலாம். அப்படியானால் காரின் சாப்ட்வேருக்கு எத்தனை வருடம் ஆதரவு? அமெரிக்காவில் 2022ல் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது பல பழைய கார்களின் இன்டர்நெட் வசதிகள் அப்படியே நின்றுபோயின. கார் நன்றாக ஓடியது, அதிலிருந்த கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் இல்லை.

பாதுகாப்புக்கும் அப்டேட் தேவை. 2015ல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இருவர், ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோகி காரை இன்டர்நெட் வழியே தூரத்தில் இருந்தே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அதன் பிறகு 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. உரிமையாளர்களுக்கு யு.எஸ்.பி. டிரைவில் புதிய சாப்ட்வேர் தபாலில் போனது.

என் அலுவலக நண்பர் ஒருவரிடம் வேறொரு நிறுவனத்தின் வண்டி இருக்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது கேமரா படம் உறைந்து நின்றுவிடும். சர்வீஸ் சென்டரில் "அப்டேட் வரும் சார்" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். இன்ஜின் ஆயில் கசிந்தால் இப்படிச் சொல்வார்களா? சாப்ட்வேர் கோளாறும் வண்டியின் கோளாறுதான் என்று நாம் அழுத்திச் சொல்லும் வரை இது மாறாது.

வாங்கும் முன் கேளுங்கள்

1. சாப்ட்வேர் அப்டேட் எத்தனை வருடம் இலவசம்? எழுத்தில் தருவார்களா?

2. காரில் உள்ள இன்டர்நெட் சந்தா எப்போது முடியும்? முடிந்தால் எந்த வசதிகள் நின்றுபோகும்?

3. ஸ்கிரீன் வேலை செய்யாவிட்டால் ஏ.சி., வைப்பர், ஹஸார்டு விளக்கை இயக்க முடியுமா?

4. நடு வரிசையின் நடு இருக்கை உட்பட எல்லா இருக்கைகளிலும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா? பக்கவாட்டு ஏர்பேக் மூன்றாவது வரிசை வரை வருகிறதா?

5. டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் எல்லோரையும் அழைத்துப் போகலாமா? தனியாக ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள். வீட்டில் வயதானவர் ஒருவரைக் கடைசி வரிசையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், ஓட்டுவதற்கு நல்ல வண்டி இது. நீண்ட பயணத்தில் களைப்பு குறைவு, குடும்பத்தோடு போக நம்பிக்கை தருகிறது. ஆனால் பட்ஜெட் கொஞ்சம் இடித்தால் பெரிய ஸ்கிரீனையும் கூடுதல் ஸ்பீக்கர்களையும் விட்டுவிட்டுக் குறைந்த வேரியண்டுக்கு இறங்குங்கள். ஏர்பேக்குகளின் எண்ணிக்கையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வண்டி எடுத்த அன்றே வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள். ஏழாவது பெல்ட் மாட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.