யூரியா மூட்டைக்குள் ஒரு கரிக்கணக்கு

காவிரி டெல்டாவின் குடவாசல் பக்கம் சம்பாவுக்கு மேலுரம் போடும் நாட்களில் விவசாயி வாங்கிப்போகும் யூரியா மூட்டையின் எடை 45 கிலோ. விலை 266 ரூபாய் 50 காசு. அதைத் தயாரிக்கச் சுமார் 33 கிலோ கரியமில வாயு செலவாகியிருக்கிறது. உலோக வினையூக்கிகளின் துணையோடு கரியமில வாயுவைப் பயனுள்ள வேதிப்பொருளாக்கலாம் என்று இன்று புதுமைபோலப் பேசுகிறார்கள். டெல்டாவில் அப்படியொரு பொருளைத் தலைமுறைகளாக வயலில் தெளித்துவருகிறோம்.

உர ஆலையில் இயற்கை எரிவாயுவையும் நீராவியையும் நிக்கல் வினையூக்கி வழியாகச் செலுத்தி ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். கரியமில வாயு உடன் வருகிறது. இரும்பு வினையூக்கியின் மேல் அந்த ஹைட்ரஜன் நைட்ரஜனோடு சேர்ந்து அம்மோனியாவாகிறது. அம்மோனியாவும் கரியமில வாயுவும் உயர் அழுத்தத்தில் இணைந்தால் யூரியா. வயலில் யூரியேஸ் என்ற நொதி சில நாட்களிலேயே அதை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரித்துவிடும். அந்த நொதிக்குள்ளும் நிக்கல்தான் வேலை செய்கிறது! வாயு பயன்பட்டது உண்மை. காற்றில் குறைந்ததா என்றால் இல்லை.

கரியமில வாயுவிலிருந்து தயாரிக்கும் மெத்தனாலுக்கும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்க்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் பொதுத்துறை மின் நிறுவனமான என்டிபிசி 2022-இல் நாளொன்றுக்கு 20 டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் அமைப்பை நிறுவியது. அதை மெத்தனாலாக்குவது நோக்கம். செம்பு, துத்தநாக ஆக்சைடு கலந்த வினையூக்கி இதற்குப் போதும். செம்பின் மேல் குறை இல்லை. ஹைட்ரஜனில்தான் கணக்கு இடிக்கிறது. ஒரு டன் மெத்தனாலுக்கு ஏறத்தாழ 1.4 டன் கரியமில வாயுவும் 190 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். அவ்வளவு ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரிக்கச் சுமார் 10,000 யூனிட் மின்சாரம் ஆகும். நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயுவைக் கக்குகிறது. ஆக, 1.4 டன்னை விழுங்கப் பத்து டன்னை வெளியேவிடுவோம். சூரிய மின்சாரமோ காற்றாலையோ இல்லாமல் இந்தத் தொழில் வெறும் வேடிக்கை.

தூத்துக்குடி ஆல்கலி ஆலை 2016-இல் தன் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா சாம்பல் தயாரிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு ஹைட்ரஜனே தேவையில்லை. ஹைட்ரஜன் செலவு இல்லாததும் பணக்கணக்கு கட்டுப்படியாக உதவியது. ஆனாலும் சோடாவில் பிடித்த கரியும் நிரந்தரமாக அடைபட்டுவிடாது; சமையல் சோடா அடுப்பில் சூடானதும் அதே வாயுவில் ஒரு பகுதி வெளியே வந்துவிடும்.

2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை போட்டிருக்கிறது. கரியைப் பிடித்துவிடலாம் என்ற வாதத்தைக் காட்டி நாளை யாரும் அதைத் தளர்த்தக் கேட்கக் கூடாது. கரியைப் பிடிக்கும் ஆலைகளுக்கு அரசு மானியம் தரட்டும். ஹைட்ரஜன் எந்த மின்சாரத்தில் வந்தது, கரி எத்தனை ஆண்டு அடைபட்டிருக்கும் என்ற இரண்டுக்கும் கணக்குக் கேட்டுவிட்டுத் தரட்டும்.

அதுவரை நம் கைக்கெட்டும் வேலை ஒன்று உண்டு. நெற்பயிரின் பச்சையைப் பார்த்து யூரியாவை அளவாகப் போட உதவும் இலை வண்ண அட்டை நெடுங்காலமாகப் பரிந்துரையில் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் உர மூட்டையோடு அந்த அட்டையையும் கொடுத்து, பார்க்கும் முறையையும் சொல்லித்தர வேண்டும்.