வண்டிக்கு இடம் உண்டு, ஓட்டி வந்தவனுக்கு இல்லை

மஞ்சள் போர்டு வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன் நான். கோயம்புத்தூருக்கு ரயிலிலும் விமானத்திலும் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஊட்டி, வால்பாறை, கொடைக்கானல், மூணாறு என்று மலை மலையாகப் போகிறேன். எந்த ரிசார்ட்டுக்குப் போனாலும் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி சொல்வது ஒன்றுதான்: "கெஸ்ட்டை இறக்கிட்டு வண்டியைக் கீழே பார்க்கிங்ல போட்டுக்கப்பா." வண்டிக்கு இடம் காட்டுகிறார்கள். நான் எங்கே படுப்பேன் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு ராத்திரிக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் வாங்குகிற இடங்கள் இவை. நீச்சல் குளம் இருக்கிறது, கேம்ப் ஃபயர் இருக்கிறது. வீட்டு நாயைக் கூட்டி வந்தால் அதற்கும் படுக்கை போட்டுத் தருகிற ரிசார்ட்டுகள் இருக்கின்றன. அந்த ஜீவன் நன்றாகத் தூங்கட்டும், அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் நானும் உயிருள்ளவன்தானே?

ஜனவரி மாதம் ஊட்டியில் காருக்குள் படுத்துப் பார்த்தால்தான் எங்கள் கஷ்டம் தெரியும். கண்ணாடியை முழுக்க ஏற்றினால் மூச்சுக் காற்றிலேயே உள்ளே ஈரம் கோத்து மூச்சு முட்டும். ஒரு விரல்கடை இறக்கினால் அந்தச் சந்து வழியே வரும் குளிர் எலும்புக்குள் இறங்கும். இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக்கொள்ளலாம் என்றால், அடைத்த காருக்குள் புகை ஏறித் தூக்கத்திலேயே போய்விட்டவர்களின் கதை எங்கள் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். ஜெர்கினைப் போட்டு, சீட்டைச் சாய்த்து, காலை மடக்கிப் படுத்தால் இரண்டு மணிக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அப்புறம் தூக்கம் கிடையாது. விடியற்காலையில் முன் கண்ணாடியில் உறைந்து கிடக்கிற பனியைத் துணியால் தேய்த்து எடுக்க வேண்டும். கழிப்பறைக்கு எங்கே போவது? ஸ்டாஃப் கழிப்பறையை ராத்திரி பூட்டிவிடுகிறார்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் டார்ச் அடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். கரடியும் சிறுத்தையும் நடமாடும் இடம் அது. இப்போது பெண்களும் டாக்ஸி ஓட்டுகிறார்கள். அவர்கள் எங்கே போவார்கள் என்று எந்த முதலாளியாவது நினைத்திருப்பாரா?

ஒரு முறை என் வண்டியில் வந்த பெரியவர் ஒருவர், பேரன் பேத்தியோடு வந்தவர், ரிசப்ஷனில் நின்று எனக்காகப் பேசினார். "டிரைவருக்கு ஒரு கட்டில் குடுங்க, அதுக்கு என்ன காசோ நான் தர்றேன்" என்றார். "அதெல்லாம் இல்ல சார், அவங்க கார்லயே படுத்துக்குவாங்க" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். பெரியவர் விடவில்லை. காலியாக இருக்கிற ரூம் ஒன்றை எனக்காகத் தனியாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "டிரைவர்களை ரூம்ல தங்க விடுறது எங்க பாலிசி இல்ல சார்" என்று முடித்துவிட்டார்கள். எனக்காக அவர் கொடுத்தால் செல்லாத காசா அது? என் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாகிவிட்டது. எனக்கு நடந்த அவமானம் ஒரு பக்கம். காசு கொடுத்துத் தங்க வந்தவரின் வார்த்தைக்கே அங்கே மதிப்பில்லை என்பதுதான் இன்னும் வலித்தது.

பார்க்கிங்கில் ஒரு போர்டு மாட்டியிருப்பார்கள்: 'வாகனங்களை உரிமையாளர் தம் சொந்தப் பொறுப்பில் நிறுத்தவும்.' இதே மாதிரி வாசகத்தை வைத்து ஒரு வழக்கே நடந்திருக்கிறது. டெல்லியில் 1998இல் ஒரு நட்சத்திர ஹோட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து விட்ட கார் திருடு போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல் தீர்ப்பு வந்தது. சாவியை வாங்கிக்கொண்ட பிறகு, 'உங்கள் பொறுப்பு' என்று அச்சடித்த சீட்டைக் காட்டி ஹோட்டல் தப்பிக்க முடியாது என்றார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் எங்கள் வண்டியின் சாவி எங்கள் பாக்கெட்டில் அல்லவா இருக்கிறது! கண்ணாடி உடைந்தாலும், ஸ்டெப்னி காணாமல் போனாலும் ரிசார்ட் கைவிரித்துவிடும், ஓனர் என் சம்பளத்தில் பிடிப்பார். அதனால் வண்டியை விட்டு வெளியே போய்ப் படுக்கவும் முடியாது, உள்ளே வந்து படுக்கவும் விட மாட்டார்கள்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. 2023இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல்களும் லாட்ஜ்களும் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குக் கழிப்பறை வசதியோடு தங்குமிடம் தர வேண்டும் என்று கொண்டுவந்தது. அந்தச் செய்தியை ஸ்டாண்டில் ஒருவர் பேப்பரில் சத்தமாகப் படித்தபோது கைதட்டினோம். அதற்குப் பிறகும் நான் காரில்தான் படுக்கிறேன். 2024 மே 7இல் இருந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். எத்தனை வண்டி மலை ஏறுகிறது என்று அரசிடம் கணக்கு இருக்கிறது. அந்த வண்டிகளை ஓட்டி வந்தவர்கள் ராத்திரி எங்கே படுத்தார்கள் என்று கணக்கெடுக்க மட்டும் ஏன் ஒருவரும் வரவில்லை?

ஓய்வுக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு எல்லை வைத்திருந்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்துக்கு அது செல்லவில்லை. எங்களில் பாதிப்பேர் ஒற்றை வண்டிக்காரர்கள், அந்த எல்லை எங்களுக்கு எட்டவே இல்லை.

சீசன் இல்லாத மாதங்களில் இதே ரிசார்ட்டுகளில் இருந்து போன் வரும். "அண்ணே, பார்ட்டி இருந்தா நம்ம இடத்துக்குக் கூட்டிட்டு வாங்க, உங்களைப் பார்த்துக்கிறோம்" என்பார்கள். ஆள் பிடித்துத் தர அண்ணன் வேண்டும். ராத்திரி ஆனால் அந்த அண்ணன் படுக்க ஒரு பாய்கூட கிடையாது.

எங்களுக்கு மெத்தையும் ஏசியும் வேண்டாம். நாலு சுவர், ஒரு கட்டில், ஒரு கம்பளி, தண்ணீர் வரும் ஒரு கழிப்பறை போதும். நூறோ இருநூறோ வாங்கிக்கொள்ளுங்கள், எங்கள் பேட்டாவில் இருந்து கொடுக்கிறோம்.

முதலாளிமாரே, காலை எட்டு மணிக்கு உங்கள் கெஸ்ட் குழந்தைகளோடு வந்து என் வண்டியில் ஏறுகிறார்கள். வால்பாறை என்றால் 40 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், கொல்லிமலை என்றால் 70. ராத்திரி முழுக்கக் கண் மூடாதவன் கையில்தான் ஸ்டியரிங் இருக்கிறது. வளைவில் எதிரே பஸ் வரும்போது அரை நொடி கண் சொக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

சுற்றுலா வருகிற அய்யாமாரே, அம்மாமாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ரூம் புக் செய்ய போன் போடும்போது, காலை டிபன் உண்டா, வைஃபை உண்டா என்று கேட்பதோடு, "டிரைவர் படுக்க இடம் இருக்கா?" என்றும் கேளுங்கள். இல்லை என்றால், வேறு ரிசார்ட் பாருங்கள்.