ஒன்பதரை என்றொரு பொய்

அமெரிக்காவுக்கும் நமக்கும் எத்தனை மணி நேர வித்தியாசம் என்று சென்னையில் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது. ஒன்பதரை என்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் நியூயார்க்குக்கு ஒன்பதரை, கலிபோர்னியாவுக்குப் பன்னிரண்டரை என்று பிரித்துச் சொல்வார்கள். லண்டன் என்றால் ஐந்தரை. சிட்னி என்றாலும் ஐந்தரைதான், ஆனால் அந்தப் பக்கம். கூட்டு, அல்லது கழி, விடை வந்துவிடும். இந்தப் பதில்கள் ஒவ்வொன்றும் ஆண்டில் சில மாதங்களுக்குச் சரி, மற்ற மாதங்களுக்குத் தவறு. ஆனாலும் இவற்றை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்.

இரண்டு ஊர்களுக்கு இடையே நிரந்தரமான ஒரு நேர வித்தியாசம் உண்டு என்ற நம்பிக்கையைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. எந்த ஊர், எந்தத் தேதி, அந்தத் தேதியில் அந்த ஊரில் என்ன உத்தரவு நடப்பில் இருந்தது என்ற மூன்றும் தெரியாமல் ஒரு நேரத்தை இன்னொரு நேரமாக மாற்றவே முடியாது. மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் கிடைப்பது ஊகம்.

தகவல் தொழில்நுட்ப அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இது ஓரளவு உறைத்திருக்கும். நியூயார்க் வாடிக்கையாளர் திங்கள்தோறும் காலை 9 மணிக்கு ஒரு மீட்டிங் வைக்கிறார். குளிர்காலத்தில் அது சென்னையில் இரவு 7.30, கோடையில் 6.30. இதுவரை எல்லோருக்கும் தெரியும். அந்த மீட்டிங்கில் லண்டன்காரர் ஒருவரைச் சேர்த்துப் பாருங்கள். 2007 முதல் அமெரிக்கா மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னுக்கு இழுக்கிறது. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கிறது. அக்டோபர் கடைசி ஞாயிறே திரும்பிவிடுகிறது. 2025இல் மார்ச் 9 முதல் 30 வரை மூன்று வாரம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் நாலு மணி நேரம். மற்ற நாட்களில் ஐந்து. இலையுதிர்காலத்திலும் ஒரு வாரம் இதே கூத்து. வழக்கமாகப் பிற்பகல் 2 மணிக்கு உட்காரும் லண்டன்காரர் அந்த வாரங்களில் ஒரு மணிக்கே வர வேண்டும், வருவதில்லை. சிட்னியைச் சேர்த்தால் இன்னும் மோசம். அங்கே அக்டோபரில் கோடைக்கால நேரம் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. பக்கத்து மாநிலத்தின் பிரிஸ்பேன் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை.

இதில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அந்த மீட்டிங் எந்த ஊர்க் கடிகாரத்துக்குச் சொந்தம்? நியூயார்க்கின் 9 மணி என்றால் சென்னை நகர வேண்டும். சென்னையின் 7.30 என்றால் நியூயார்க் நகர வேண்டும். இதைத் தீர்மானிக்காமல் ஆண்டுக்கு இருமுறை யார் தாமதமாக வந்தார்கள் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நிரந்தர எண்ணில் நமக்கு இத்தனை நம்பிக்கை எங்கிருந்து வந்தது? பள்ளியில் கற்ற புவியியல் ஒரு காரணம். 15 பாகைத் தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டோம். சூரியனுக்கு அது சரி. கடிகாரத்தை ஓட்டுவது அரசாங்கம். அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றாது. அதற்குள் இருக்கும் நவஹோ பழங்குடியினர் நிலம் மாற்றும். அந்த நிலத்தால் சூழப்பட்ட ஹோபி மக்களின் நிலம் மாற்றாது. தீர்க்கரேகையை வைத்துக்கொண்டு இதை விளக்க முடியுமா?

இன்னொரு காரணம், நாம் பிறந்ததிலிருந்து நம் ஊர்க் கடிகாரம் மாறியதில்லை. மாறியதே இல்லை என்பதும் பொய்தான். 1906 ஜனவரி முதல் தேதி இந்தியப் பொது நேரம் வரும்வரை மதராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னே இருந்தது. நாட்டின் ரயில்களும் அதன்படிதான் ஓடின. கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடாமல் வைத்திருந்தன. இரண்டாம் உலகப் போரில் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியா முழுவதும் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின. நம் தாத்தா பாட்டிகள் அந்த நேரத்தில் வாழ்ந்தவர்கள். நமக்குத்தான் மறந்துவிட்டது.

யாருக்கு மறக்கவில்லை என்றால், ஜோதிடர்களுக்கு. அந்த ஆண்டுகளில் பிறந்தவரின் ஜாதகம் என்றால், விவரம் தெரிந்தவர் குறித்த நேரத்தில் ஒரு மணியைக் கழித்துக்கொண்டுதான் கணிப்பார். ஜாதகத்தை நம்புவதா வேண்டாமா என்பது வேறு விவகாரம். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். கணக்கு என்று வந்துவிட்டால் அது சரியாக இருக்க வேண்டும் என்பதில் நாத்திகருக்கும் ஆட்சேபம் இருக்காது. இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? ஜூலை மாதம் நியூ ஜெர்சியில் ஒரு குழந்தை பிறக்கிறது. பிறப்புச் சான்றிதழில் காலை 8.10. தாத்தா அதை வாட்ஸ்அப்பில் வாங்கிக் கும்பகோணத்தில் கணினி வைத்திருப்பவரிடம் கொடுக்கிறார். நேர மண்டலம் என்ற கட்டத்தில் 'மைனஸ் ஐந்து' என்று விழுகிறது. ஜூலையில் நியூ ஜெர்சி மைனஸ் நாலு. குழந்தை பிறந்தபோது நம் கடிகாரத்தில் மாலை 5.40, கணினி 6.40 என்று எடுத்துக்கொள்கிறது. நட்சத்திரம் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். லக்கினம் ஒன்றுக்குச் சுமார் இரண்டு மணி நேரம்தான் என்பதால், ஒரு மணி நேரம் பிசகினால் ஏறக்குறையப் பாதிக் குழந்தைகளுக்கு லக்கினமே மாறிவிடும். இருபத்தைந்து வருடம் கழித்து அந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டு செவ்வாய் தோஷம் என்று ஒரு நல்ல வரனைத் தட்டிக்கழிப்பார்கள்.

இலங்கையில் பிறந்தவர்கள் கதை இதைவிடச் சிக்கல். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இலங்கை அரசு 1996 மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, கிரீன்விச்சைவிட ஆறரை மணி முன்னே கொண்டுபோனது. அக்டோபர் 26 அன்று அரை மணி குறைத்து ஆறு ஆக்கியது. அப்படியே பத்தாண்டுகள் ஓடி, 2006 ஏப்ரல் 15 அன்றுதான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. அங்கே பழைய நேரம்தான். ஒரே நாட்டில், ஒரே தீர்க்கரேகையில், ஒரே நாளில் இரண்டு நேரம். ஏ9 வீதியில் ஓமந்தையைத் தாண்டினால் கைக்கடிகாரத்தை அரை மணி திருத்த வேண்டியிருந்தது. 1999இல் கிளிநொச்சியில் பிறந்து இன்று டொரண்டோவில் இருக்கும் ஒருவருக்கு 'இலங்கை நேரம்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எப்படிக் கணிப்பது? சுவரில் மாட்டியிருந்தது யாருடைய கடிகாரம் என்று தாயைத்தான் கேட்க வேண்டும்.

இந்த விஷயத்தில் மேல்நாட்டு ஜோதிடர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். அமெரிக்காவில் 1966இல் பொதுச் சட்டம் வரும்வரை கோடைக்கால நேரம் வைப்பதா வேண்டாமா, வைத்தால் என்றிலிருந்து என்றுவரை என்று ஊருக்கு ஊர் தன் விருப்பம்போல முடிவு செய்துகொண்டது. அந்தக் குழப்பத்தை ஊர்வாரியாகத் தோண்டியெடுத்து நூலாகத் தொகுத்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் ஷாங்க்ஸ். அவர் தொகுத்தது ஜோதிடர்களின் பயன்பாட்டுக்காக. மறுபக்கம், ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற கணினி நிரலாளர் 1980களில் உலக ஊர்களின் நேர வரலாற்றைத் தரவுத்தளமாகச் சேர்க்கத் தொடங்கினார். பால் எகெர்ட் முதலியோர் அதை வளர்த்தார்கள். பழைய காலத்துத் தகவல்களில் ஒரு பகுதிக்கு ஷாங்க்ஸின் நூல்தான் ஆதாரம். இன்று உலகத்தின் பெரும்பாலான சர்வர்களும் கைபேசிகளும் நேரம் பார்ப்பது ஓல்சனின் தொகுப்பைப் பார்த்துத்தான். 2011இல் ஆஸ்ட்ரோலேப் என்ற ஜோதிட மென்பொருள் நிறுவனம் அந்த ஆதாரத்தின் உரிமை தன்னுடையது என்று ஓல்சன் மீதும் எகெர்ட் மீதும் வழக்குப் போட்டது. தரவுத்தளத்தை இணையத்திலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு அதைப் பொறுப்பேற்றுக் காப்பாற்றியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உலகக் கணினிகளின் கடிகாரம் ஜாதகக் கட்டத்துக்கு இவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று நம் பொறியாளர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தத் தரவுத்தளம் ஊர்ப் பெயரால் அமைந்திருப்பதைக் கவனியுங்கள். 'ஏசியா/கொல்கத்தா', 'அமெரிக்கா/நியூயார்க்' என்று ஊர். ஊருக்குள் தேதிவாரியாக வரலாறு. ஒற்றை எண்ணால் ஆகிற காரியமாக இருந்தால் அவ்வளவு பாடு எதற்கு?

பொறியாளர்களிடம் வேறொரு மூடநம்பிக்கை இருக்கிறது: 'எல்லாவற்றையும் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், சேமித்துவிடு, பிரச்சினை தீர்ந்தது.' நடந்து முடிந்தவற்றுக்கு இது முற்றிலும் சரி. பணம் எப்போது கைமாறியது, சர்வர் எப்போது விழுந்தது என்பதற்கெல்லாம் யுடிசி போதும். நடக்கப்போகிறவற்றுக்குப் போதாது, ஏனென்றால் நாளைய உத்தரவு இன்று யாருக்கும் தெரியாது. 2023 மார்ச்சில் லெபனானில் இது நடந்தது. மார்ச் 26 அன்று கோடைக்கால நேரம் தொடங்க வேண்டும். மூன்று நாள் முன்பு பிரதமர் நஜீப் மிகாட்டி, ரமலானை ஒட்டி அதை ஏப்ரல் வரை தள்ளிவைப்பதாக அறிவித்தார். மாரோனிய திருச்சபை ஏற்க மறுத்துக் கடிகாரத்தை முன்னே தள்ளியது. சில தொலைக்காட்சிகளும் பள்ளிகளும் அதன் பின்னால் போயின. சில நாட்கள் பெய்ரூட்டில் இரண்டு நேரம். பிறகு அரசு இறங்கிவந்தது. மார்ச் 27 காலை 10 மணிக்குப் பல் மருத்துவரிடம் முன்பதிவு செய்திருந்த ஒருவரின் நேரத்தை முன்கூட்டியே யுடிசிக்கு மாற்றிச் சேமித்த மென்பொருள், புதிய உத்தரவு வந்ததும் 9 மணி என்று காட்டும். நோயாளி சொன்னது பெய்ரூட்டில் 10 மணி. அவர் சொன்னதை அப்படியே, ஊர்ப் பெயரோடு எழுதி வைத்திருந்தால் வம்பே இல்லை.

இதையெல்லாம் கைபேசி பார்த்துக்கொள்ளாதா என்பார்கள். பார்த்துக்கொள்ளும், ஊரையும் தேதியையும் அதனிடம் கொடுத்தால். நாமோ 'சாயங்காலம் 7.30 ஐஎஸ்டி, உங்களுக்குக் காலை 9 இஎஸ்டி' என்று ஜூலை மாதம் மின்னஞ்சல் அனுப்புகிறோம். இஎஸ்டி என்பது குளிர்கால நேரம். ஜூலையில் நியூயார்க்கில் அது நடப்பிலேயே இல்லை. ஐஎஸ்டி என்ற மூன்றெழுத்து இந்தியாவுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. இஸ்ரேலும் அயர்லாந்தும் அதையே பயன்படுத்துகின்றன. சில நேரங்கள் கடிகாரத்தில் வருவதே இல்லை என்பதையும் யோசிப்பதில்லை. 2025 மார்ச் 9 அன்று நியூயார்க்கில் அதிகாலை 2.30 என்று ஒரு நேரம் கிடையாது. 2 மணியானதும் 3 ஆகிவிட்டது. நவம்பர் 2 அன்று 1.30 இரண்டு தடவை வந்தது. அந்த நேரங்களுக்கு வேலைகளைத் தானியங்கியாக ஓடவைத்தவர் மார்ச்சில் வேலை நடக்காததையும் நவம்பரில் இரண்டு முறை நடந்ததையும் பிழை என்று தேடிக்கொண்டிருப்பார்.

ஆகவே அழைப்பு அனுப்புகிறவர்கள் 'நவம்பர் 3, திங்கள், நியூயார்க் நேரம் காலை 9 மணி' என்று தேதியும் ஊரும் சேர்த்து எழுதுங்கள். மாற்றிக் கணக்கிடுவதைக் கைபேசியிடம் விடுங்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் பயனரிடம் கூட்டல் கழித்தல் எண்ணைக் கேட்காமல் ஊரைக் கேளுங்கள். பேரப்பிள்ளையின் பிறந்த நேரத்தை ஊருக்கு அனுப்புகிறவர்கள், அன்று அங்கே கோடைக்கால நேரம் நடப்பில் இருந்ததா என்பதையும் கூடவே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.