கண்ணும் காதும் போதும்!

‘பறவை பார்க்கப் போகலாமா?’ என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ‘நம்மகிட்ட பைனாகுலர் இல்லையே!’ என்றுதான் முதல் பதில் வரும். ஏரி நடுவே மிதக்கும் வாத்துகளைப் பார்க்க அது வேண்டும். பக்கத்துப் பூங்காவுக்கு எதற்கு? அங்கே பறவைகள் நம் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன.

சென்னைப் பூங்காக்களில் ‘டுக்... டுக்... டுக்...’ என்று ஒரே தாளத்தில் ஓர் ஓசை கேட்கும். எங்கோ மோட்டார் ஓடுகிறது என்று கடந்துபோயிருப்போம். அது செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு. பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, தொண்டையில் மஞ்சள். அலகைத் திறக்காமலே கூவும். தொண்டை மட்டும் உப்பி உப்பி அடங்கும்.

தனியாகத் தேடினால் இலைக்குள் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நாலைந்து பேராகப் போனால் சுலபம். மரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். உச்சிதான் 12 மணி. ‘2 மணியில இருக்கு’ என்று ஒருவர் மெதுவாகச் சொன்னால் எல்லோர் கண்ணும் அங்கே போய்விடும். சிட்டுக்குருவி, மைனா, காக்கை... இந்த மூன்றோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்றால் நிறம் தெளிவாகத் தெரியும்.

வயது ஏற ஏற, மெல்லிய கீச்சொலிகள் காதில் விழுவது குறையும். தேன்சிட்டு இருக்கும் இடத்தைப் பேத்திதான் சொல்ல வேண்டும். ‘ஊப்... ஊப்...’ என்ற கனத்த குரல் செம்போத்துடையது என்பதைப் பாட்டி சொல்வார். தவிட்டுக்குருவிகளும் அணில்களும் சேர்ந்து கத்தினால் உஷாராகிவிடுங்கள். பூனையோ வல்லூறோ அருகில் இருக்கும்.

இதனால் என்ன பயன் என்கிறீர்களா? குக்குறுவான் பட்டுப்போன கிளையில்தான் பொந்து குடைந்து முட்டையிடும். ‘காய்ந்த கிளை அசிங்கமா இருக்கு, வெட்டுங்க’ என்று சொல்பவர்களும் பூங்காவில் நடக்க வருபவர்களே. நடைபாதைக்கு மேலே விழும் நிலையில் இருந்தால் வெட்டத்தான் வேண்டும். யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓரமாக நிற்பதை விட்டுவைக்கலாமே! அப்படி எடுத்துச் சொல்ல, அந்தப் பறவையைத் தெரிந்த நாலு பேர் வேண்டும். தெரியாத பறவைக்காக யார் பேசுவார்கள்?

தமிழகத்தில் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் பார்த்து, எண்ணி, ‘இ-பேர்ட்’ செயலியில் பதிந்தால் நீங்களும் கலந்துகொண்டவர்தான். காக்கையும் மைனாவும்கூடக் கணக்கில் சேரும்.

அதற்கு ஒத்திகையாக, வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் குடும்பத்தோடு கிளம்புங்கள். ஒரு நோட்டு, ஒரு பென்சில், தண்ணீர் பாட்டில் போதும். மறக்காமல் போனை சைலன்ட்டில் போடுங்கள்!