தையல் பீரியடைக் கணக்குக்குக் கேட்காதீர்கள்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். திருப்பூரில் ஒரு கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டராக இருக்கிறானாம். தானே வெட்டித் தைத்த துணிப்பை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். அதைப் பார்த்ததும் பழைய கதை ஞாபகம் வந்தது.

ஏழாம் வகுப்பில் அவனுக்குப் பின்னம் என்றாலே காய்ச்சல். அரையும் அரையும் எவ்வளவு என்றால், மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகக் கூட்டி 2/4 என்று எழுதுவான். நானும் எத்தனையோ முறை கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். ஏறவில்லை.

ஒருநாள் தையல் வகுப்பில் 12 அங்குல அகலத்தில் பை தைக்கச் சொன்னார்கள். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் துணியைச் சரியாக 12 அங்குலத்துக்கே வெட்டினான். தைத்து முடித்து அளந்தால் 11 தான் இருந்தது. டேப்பை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தவன் என்னிடம் ஓடி வந்தான். "டீச்சர், அந்தப் பக்கம் அரை, இந்தப் பக்கம் அரை தையலுக்குள்ள போயிடுச்சு. மொத்தம் ஒரு இஞ்ச்!" என்றான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. பரீட்சை நெருங்கினால் அந்தத் தையல் பீரியடைக் கேட்டு வாங்கிக் கணக்கு நடத்தியவளே நான்தான்.

கைத்தொழில் என்றதும் சிலருக்குக் குலக்கல்வி ஞாபகம் வரும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பாவின் தொழில். 1954-இல் காமராஜர் அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது. நான் கேட்பது அதற்கு நேர்மாறு. டாக்டர் வீட்டுப் பிள்ளையும் நெசவாளர் வீட்டுப் பிள்ளையும், ஆணும் பெண்ணும், ஒரே மேசையில் கத்தரிக்கோல் பிடிக்க வேண்டும்.

இதில் மேற்படிப்பும் இருக்கிறது. நிஃப்ட் டிசைன் படிப்புக்குப் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் விண்ணப்பிக்கலாம். அங்கே எழுத்துத் தேர்வோடு, கொடுத்த பொருட்களை வைத்து ஒரு மாதிரி செய்து காட்டும் தேர்வும் உண்டு. பள்ளியில் ஊசியையும் அட்டையையும் தொடாத பிள்ளை அங்கே போய் என்ன செய்யும்? வசதியானவர்கள் கோச்சிங் அனுப்புவார்கள். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியை விட்டால் வேறு இடம் இல்லை.

ஆனால் அரசுப் பள்ளிகளில் நிலைமை என்ன? 2012-இல் ஓவியம், தையல், உடற்கல்வி போன்றவற்றுக்கு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். அப்போது வாரம் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம் என்று இருந்தது. வருகிறவருக்கே நிலையான வேலை இல்லையென்றால், அந்தப் பாடத்தை யார் மதிப்பார்கள்?

நிரந்தர ஆசிரியர் வேண்டும். துணியும் நூலும் வாங்கப் பணம் வேண்டும். அதுவரை, பணியில் இருக்கும் தம்பி தங்கைகளே, அந்த ஒரு பீரியடையாவது விட்டுவையுங்கள்.

உங்கள் பள்ளியில் தையல் வகுப்பு ஒழுங்காக நடந்ததா? கமெண்டில் சொல்லுங்கள்.