ஒரு நாள் தேர்வும் ஓராண்டு இழப்பும்

அமெரிக்கக் கல்லூரியில் எந்தப் பாடத்தைப் படிக்கப் போனாலும், பெரும்பாலும் முதலாண்டில் ஆங்கிலக் கட்டுரை எழுத்து வகுப்பு ஒன்றைத் தாண்டியாக வேண்டும். ஹார்வர்டு 1885-இல் முதலாண்டுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. இந்த வகுப்பில் நேராக உட்காரலாமா, அதற்கு முன் 'அடிப்படை எழுத்து' படிக்க வேண்டுமா என்பதைச் சமுதாயக் கல்லூரிகளில் நெடுங்காலம் முடிவு செய்தது ஒரு கணினித் தேர்வு. அக்யுபிளேசர் என்னும் அந்தத் தேர்வில், திரையில் வரும் வாக்கியத்துக்குச் சரியான திருத்தம் எது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டுரை எழுதச் சொன்னாலும் 1 முதல் 8 வரை மதிப்பெண் போடுவது மென்பொருள். காற்புள்ளியைச் சரியாக வைப்பவருக்கு ஒரு வாதத்தை நான்கு பக்கம் கொண்டுசெல்லத் தெரியும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இந்தத் தேர்வை நம்பி மாணவரைக் கீழ் வகுப்பில் உட்கார வைப்பதைக் கல்லூரிகள் அடியோடு கைவிட வேண்டும்.

கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கிலத் தேர்வு எழுதியவர்களில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேர் மிகத் தவறான வகுப்புக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேரடி வகுப்பிலேயே நன்றாகத் தேறியிருக்கக் கூடியவர்கள். அடிப்படை வகுப்புக்குக் கட்டணம் உண்டு. அதில் தேறினாலும் பட்டக் கணக்கில் சேராது. இரண்டு அடிப்படை வகுப்புகளுக்குப் பிறகே கட்டுரை வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் 100-க்கு 70 பேர் தேறி மேலே போனாலும், கடைசியில் மிஞ்சுவது 34 பேர். யாரும் மோசமாகப் படிக்கவில்லை, படிகள்தான் அதிகம்.

தேர்வுக்குப் பதிலாகப் பள்ளி மதிப்பெண்ணை மட்டும் நம்பலாமா, பள்ளிக்குப் பள்ளி தரம் வேறாயிற்றே என்பார்கள். உண்மைதான். ஆனால் பல ஆசிரியர்கள் நான்கு ஆண்டுகள் போட்ட மதிப்பெண்ணில் உழைப்பும் ஒழுங்கும் கலந்திருக்கின்றன. ஒரு நாள் தேர்வில் அவை தெரிவதில்லை. கலிபோர்னியா 2017-இல் நிறைவேற்றிய ஏபி 705 சட்டம், சமுதாயக் கல்லூரிகள் பள்ளிப் பதிவைக் கொண்டே மாணவரைச் சேர்க்க வழிசெய்தது. அதன் பிறகு கட்டுரை வகுப்பின் தேர்ச்சி விகிதம் சற்று இறங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களில் கட்டுரை வகுப்பை முடித்தோரின் பங்கு இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. விகிதத்தைக் காட்டிக் குறை சொல்பவர்கள், முன்பு வாசலிலேயே நின்றுபோனவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தடுமாறுபவரை அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. பால்டிமோர் கவுண்டி சமுதாயக் கல்லூரியில் பீட்டர் ஆடம்ஸ் 2007-இல் தொடங்கிய முறையில், பின்தங்கியவர்கள் மற்றவர்களோடு அதே வகுப்பில் படித்துவிட்டு, பிறகு அதே ஆசிரியரிடம் சிறு குழுவாகக் கூடுதல் நேரம் பயில்கிறார்கள். இதற்குச் செலவாகும். மென்பொருளுக்குக் கொடுத்த பணம் மட்டும் போதாது. ஆசிரியரின் கூடுதல் மணி நேரத்துக்கும் சம்பளம் தர வேண்டும்.

மாணவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லும் வழியும் உண்டு. மிச்சிகனின் கிராண்ட் வேலி ஸ்டேட் பல்கலைக்கழகம் 1996-இல் அதைத் தொடங்கியது. மாணவரை மதிக்கும் ஏற்பாடுதான். ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம். 'உனக்கு எழுத வராது' என்று பள்ளி முழுக்கக் கேட்டு வளர்ந்தவர், கீழ் வகுப்பு ஒன்று இருந்தால் தானே போய் அதில் உட்கார்ந்துவிடுவார். ஆகவே கட்டுரை வகுப்பில் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, கூடுதல் நேரம் வேண்டுமா என்பதை மட்டும் மாணவரின் விருப்பத்துக்கு விடலாம்.